கையளித்த பின்னும் கண்ணீர் வரலாமா?

வட சென்னையில், வியாசர்பாடியை ஒட்டி விரிந்து கிடக்கிறது எம்.கே.பி. நகர். மகாகவி பாரதியின் பெயரைத் தாங்கிய பகுதி அது. துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் விடியுமுன்னே புறப்பட்டுச் செல்வோரின் குடியிருப்புகள் அங்கே நெருங்கி நிற்கின்றன. தவக்காலத்து மாலை ஒன்றில் அங்குள்ள ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். அதன்முன் ஒரு சிறு விளக்கு. துறைமுகத்தில் மூட்டை சுமந்து உழைத்த குடும்பத் தலைவர் நோயுற்றுக் கட்டிலில் கிடந்தார். மூத்த மகனோ மதுவுக்கு அடிமை. அந்த இல்லத்துத் தாய் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, ஒவ்வொரு நாளும் திருப்பலியில் என் மகனை ஆண்டவருடைய கையில் ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். வீட்டுக்கு வந்து அவன் கிடக்கும் கோலத்தைக் கண்டதும் அழுகை வந்துவிடுகிறது. ஒப்புக்கொடுத்த பிறகும் அழுகிறேனே, என் விசுவாசம் பொய்யா?"

அன்று நாம் உடனே விடை கூறவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. நம் குடும்பங்களில் எத்தனையோ தாய்மாரின் உள்ளத்தில் இதே கேள்வி எழுந்து, கேட்கப்படாமலே அடங்கிவிடுகிறது என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் நம் ஆண்டவரையே நோக்குவோம். கெத்சமனித் தோட்டத்தில் அவர் கலங்கினார். துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலுமாறு தந்தையிடம் மன்றாடினார். அதன் பின்னரே தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தார். ஒருமுறை சொல்லி எழுந்துவிடவில்லை. மீண்டும் மீண்டும் அதே செபத்தைச் சொன்னார் என்று நற்செய்தி கூறுகிறது. கலக்கம் விசுவாசக் குறைவாயின், இறைமகனுக்கு அது நேர்ந்திருக்குமா?

ராயபுரம் என்னும் பெயர் புனித ராயப்பரால் வந்தது என்று நம் முன்னோர் சொல்லி வருகிறார்கள். அந்த ராயப்பர் கலிலேயாக் கடலோரத்தில் வலையையும் படகையும் விட்டு எழுந்தபோது, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாகவே எண்ணியிருப்பார். ஆனால் சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்தார், மனங்கசந்து அழுதார். உயிர்த்த ஆண்டவர் அதே கடலோரத்தில் அவரை மீண்டும் சந்தித்து, முதுமையில் அவர் விரும்பாத இடத்துக்கு வேறொருவர் அவரைக் கூட்டிச் செல்வார் என்று அறிவித்தார். வலையைக் கொடுப்பது ஒரு நாள் வேலை. தன்னைக் கொடுப்பதோ வாழ்நாள் வேலை என்பதை அவரிடம் நாம் கற்கிறோம்.

இவையெல்லாம் அப்போஸ்தலர்களுக்கும் துறவியருக்கும் உரியவை, குடும்பஸ்தர்களாகிய நமக்கு எட்டுமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடையாக நிற்பவர் நம் தமிழ் மண்ணின் புனித தேவசகாயம். 1712-ஆம் ஆண்டு நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரசில் பணியாற்றியவர் அவர். வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து மனமொடிந்திருந்த வேளையில், 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் மன்னரின் படைத்தளபதியான டச்சுக்காரர் டிலனாய், யோபுவின் வரலாற்றை அவருக்கு எடுத்துரைத்தார் என்பர். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார்.

இழந்தவை அவருக்குத் திரும்பி வந்தனவா? வரவில்லை. பதவி போயிற்று. 1749-இல் சிறைப்பட்டார், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார், அடியுண்டார். விசுவாசத்தை மறுத்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும், அவர் மறுக்கவில்லை. 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி ஞானப்பூவை நாம் மறந்துவிடலாகாது. ஞானஸ்நானம் பெற்ற அவர் எத்தனை இரவுகள் அழுதிருப்பார் என்று எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் தாம் ஏற்ற விசுவாசத்தில் அவர் இறுதிவரை நிலைத்து நின்றார்.

2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, அதே பலிபீடத்தின்முன் பிரான்சு நாட்டு சார்லஸ் தெ ஃபூக்கோவும் புனிதராக உயர்த்தப்பட்டார். போர்வீரராக இருந்து, விசுவாசத்தை இழந்து, மீண்டும் கண்டடைந்து, சகாராப் பாலைவனத்தில் ஏழைகளிடையே தனித்து வாழ்ந்தவர் அவர். தம்மைப் பின்பற்றித் துறவுக் குடும்பம் ஒன்று எழும் என்று காத்திருந்தார். உயிரோடிருந்த காலத்தில் அது எழவில்லை. 1916 டிசம்பர் முதல் நாள் கொல்லப்பட்டார். அவருடைய மரணத்துக்குப் பின்னரே அவரது ஆன்மீக வழியில் துறவுக் குடும்பங்கள் தோன்றின. சிலுவையில் ஆண்டவர் தம் ஆவியைத் தந்தையிடம் ஒப்படைத்ததைத் தியானித்து அவர் எழுதியதிலிருந்தே, இன்று உலகெங்கும் சொல்லப்படும் அர்ப்பண செபம் உருவாயிற்று. பலனைக் காணாமலே தன்னைக் கொடுப்பது எப்படி என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

தொலைவில் தேட வேண்டியதும் இல்லை. எம்.கே.பி. நகருக்கு அருகே, வியாசர்பாடியிலேயே, இத்தாலியச் சலேசியக் குருவான ஓர்ஃபெயோ மந்தோவானி அடிகளார் 1960-களில் ஏழைகளுக்காக ஓர் இல்லம் அமைத்தார். மலைப்பொழிவின் பேறுகளை நினைவூட்டும் 'பியாட்டிடியூட்ஸ்' என்பதே அதன் பெயர். 1967-இல் அவர் மறைந்தார். பிறந்த நாட்டையும் மொழியையும் விட்டு வந்து, நம் சேரி மக்களுக்காகத் தம் உடலைத் தேய்த்தவர் அவர். இறைவனிடம் தன்னைக் கையளித்தவனுடைய கைகள் ஓய்ந்திருப்பதில்லை என்பதற்கு வியாசர்பாடியே சாட்சி.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். கைவிரித்தல் வேறு, கையளித்தல் வேறு. "எல்லாம் அவன் விதி" என்று ஒதுங்குகிறவன் கைவிரிக்கிறான். "ஆண்டவரே, இவன் உமக்குரியவன், இன்று இவனுக்காக நான் செய்ய வேண்டியதைக் காட்டும்" என்று கேட்கிறவனே கையளிக்கிறான். முன்னவனுக்குக் கண்ணீர் வற்றிவிடலாம், பின்னவனுக்கு வற்றாது. ஏனெனில் அவன் இன்னும் அன்பு செய்கிறான். நாம் அஞ்ச வேண்டியது கண்ணீரை அன்று. அன்பு வற்றிப்போன மன அமைதியையே.

நாம் கையளிப்பது முடிவைத்தான், முயற்சியை அன்று. மகன் திருந்தும் நாளை ஆண்டவரிடம் விட்டுவிடலாம். மகனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வேலையை விட்டுவிடலாகாது. குடிப்பழக்கம் ஒரு நோய் என்றும், அதற்கு மருத்துவமும் ஆலோசனையும் உண்டு என்றும் இன்று அறிந்திருக்கிறோம். செபமாலை ஏந்திய கரமே அவனுடைய கரத்தையும் பற்றி அழைத்துச் செல்லட்டும்.

சில வாரங்கள் கழித்து மீண்டும் அந்த இல்லத்துக்குச் சென்று, நாம் சிந்தித்தவற்றை அந்தத் தாயிடம் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் நான் அழலாம், இல்லையா ஐயா?" என்றார். அழலாம் என்றோம். மறுவாரம் மகனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தம் தம்பியிடம் பேசியிருப்பதாகவும், மகன் வருவதாகச் சொன்னானே தவிர, வருவானா என்பது தெரியாது என்றும் கூறினார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு, நோயுற்ற கணவருக்குக் கஞ்சி எடுத்து வைக்க எழுந்து போனார்.

அன்பர்களே! இன்றிரவு நம் இல்லங்களில் குடும்ப செபம் முடிந்தபின், நம்மை அதிகம் வாட்டும் ஒரு பெயரை, ஒரு கவலையை, வாய்விட்டுச் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுப்போம். நாளை காலை அதே கவலை நம்முன் வந்து நிற்குமாயின், நம் செபம் வீணாயிற்று என்று சோர்வடைய வேண்டாம். மீண்டும் ஒப்புக்கொடுப்போம், அன்றைய கடமைக்குக் கைநீட்டுவோம். தோட்டத்தில் மீண்டும் மீண்டும் மன்றாடிய ஆண்டவர் நம்மோடு இருப்பாராக.