கைப்பேசி வழி அறைகூவலும் சட்டத்தின் வரம்பும்

கொச்சியின் பழைய கடைத்தெருக்களுள் ஒன்று பிராட்வே. இங்கு ஒரு நாள் கடையடைப்பு என்றால், சுமைதூக்கும் தொழிலாளிக்கும் சிறு வணிகருக்கும் அன்றைய வருவாய் இல்லை. முற்காலத்தில் கடையடைப்புக்கு அழைத்தவர் யார் என்பதைச் சுவரொட்டியே தெரிவித்துவிடும். 2018 ஏப்ரல் 16 அன்று கேரளத்தில் நடந்த ஹர்த்தாலோ வாட்ஸ்அப் செய்திகளால் பரவியது. கதுவாவில் ஒரு சிறுமிக்கு இழைக்கப்பட்ட கொடுமையே அதற்குக் காரணம். மக்களின் சினம் நியாயமானதே. ஆயினும் சில இடங்களில் மூண்ட வன்முறைக்கும் சேதத்திற்கும் பொறுப்பேற்க எந்த அமைப்பும் முன்வரவில்லை.

பிராட்வேயை அடுத்துள்ள கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில், ஹர்த்தாலுக்கு அழைப்போர் 7 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கண்டனம் தெரிவிக்கும் உரிமையை இது பறிக்கவில்லை. பிறருடைய தொழிலை முடக்குவோரைப் பொறுப்பாளிகளாக்குகிறது.

சொல்லுக்கு வரம்பு எது?

செயலைக் கட்டுப்படுத்துவதைக் காட்டிலும் சொல்லைக் கட்டுப்படுத்துவது கடினம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, மின்னணுச் சாதனங்களின் வழியே பிறருக்கு எரிச்சலூட்டும் செய்திகளை அனுப்புவதைக்கூடக் குற்றமாக்கியது. எரிச்சல் எது என்பதை வரையறுக்கவில்லை. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் இப்பிரிவையும், கேரளக் காவல் சட்டத்தின் 118 (டி) உட்பிரிவையும் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. விவாதித்தல், ஒரு கருத்துக்காக வாதாடுதல், தூண்டிவிடுதல் ஆகிய மூன்றையும் அத்தீர்ப்பு வேறுபடுத்திக் காட்டியது. வாதாடுதல் எவ்வளவு கசப்பாயினும் உரிமையே. தூண்டுதல் என்னும் நிலையை எட்டும்போதுதான் அரசு தலையிடலாம்.

2020 நவம்பரில் கேரள அரசு, இணையத்தில் பெண்களும் பிறரும் இழிவுபடுத்தப்படுவதைத் தடுக்கும் நோக்குடன் 118ஏ பிரிவை அவசரச் சட்டத்தின் மூலம் கொண்டுவந்தது. 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அது வகை செய்தது. நோக்கம் நன்றாயினும், அதன் சொற்கள் பத்திரிகை விமர்சனத்தையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்திருந்தன. கடும் எதிர்ப்பு எழவே, சில நாள்களிலேயே அரசு அதைத் திரும்பப் பெற்றது.

அதிகாரிகளுக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. மிரட்டல், அவதூறு, வன்முறைத் தூண்டல் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சட்டப் பிரிவுகள் ஏற்கெனவே உள்ளன. அவற்றைக் காலதாமதமின்றிச் செயற்படுத்தினால், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் நியாயம் கிடைக்கும். விமர்சகரின் வாயும் அடைபடாது. நாகரிகமான சொல் சட்டத்தால் மட்டும் வளர்வதன்று. செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன் அதன் உண்மையை ஆராயும் பழக்கம் பள்ளியிலும் வீட்டிலும் தொடங்க வேண்டும்.