தலைவலி முந்தியா, விழுந்தது முந்தியா? மூளை இரத்தக் கசிவும் சீட்டிலுள்ள எண்ணும்



தறிப்பட்டறை வேலை முடிந்து மொபெட்டில் வீடு திரும்பும் ஒருவர் பள்ளிபாளையம் காவேரிப் பாலத்தருகே விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு நினைவில்லை. கூடியவர்கள் “ஆக்சிடென்ட்” என்கிறார்கள். ஆஸ்பத்திரியிலே ஸ்கேன் எடுத்தால் மூளையைச் சுற்றி இரத்தம் தெரிகிறது.

விழுந்ததால் இரத்தம் கசிந்ததா? இல்லை, இரத்தம் கசிந்து மயங்கியதால் விழுந்தாரா? ஸ்கேன் படம் மட்டும் எப்போதும் இதற்குப் பதில் சொல்லிவிடாது. வீட்டாரும் கூட வந்தவர்களும் சொல்லும் விவரமும் வேண்டும். அதைப் பொறுத்தே சிகிச்சையும், சீட்டிலே எழுதும் எண்ணும் அமைகின்றன.

அது என்ன எண்?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில், நோயின் பெயரோடு ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் இருப்பதுண்டு. எந்த ஊர், எந்த மொழி என்றாலும் ஒரு நோய்க்கு ஒரே அடையாளம் வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. 1893-ல் பிரான்ஸ் நாட்டு பெர்த்தியோன் என்பவர் மரணக் காரணங்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்று நோய்களையும் அதில் சேர்த்தது. பத்தாவது பதிப்பு 1990-ல் ஏற்கப்பட்டது. பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தாலும், பல ஆஸ்பத்திரிகளில் இன்றும் பத்தாவது பதிப்பின் எண்களையே பார்க்கலாம்.

முதல் எழுத்தைப் பாருங்கள்

“ஐ” என்றால் அடிபடாமல் தானாக வந்த கசிவு. “எஸ்” என்றால் அடிபட்டு வந்தது.

ஐ 60: மூளையை ஒட்டியுள்ள சவ்வுகளுக்கு இடையே தானாக ஏற்பட்ட கசிவு.
ஐ 61: மூளைக்குள்ளேயே ஏற்பட்ட கசிவு.
எஸ் 06.4: அடிபட்டு, மண்டையோட்டுக்கும் மேல் சவ்வுக்கும் நடுவே தேங்கிய இரத்தம்.
எஸ் 06.5: அடிபட்டு, மேல் சவ்வுக்குக் கீழே தேங்கிய இரத்தம்.
எஸ் 06.6: ஐ 60-ல் சொன்ன அதே இடம்தான், ஆனால் அடிபட்டதால் வந்தது.

எப்படி அடிபட்டது என்பதற்கும் தனி எண் உண்டு. மரத்திலிருந்து விழுந்தால் டபிள்யூ 14, படியிலே விழுந்தால் டபிள்யூ 10.

எழுத்து மாறினால் என்ன கெட்டுப்போகும்?

ஐ 60 வகைக்குப் பெரும்பாலும் காரணம், இரத்தக் குழாயில் குமிழ்போலப் புடைத்த ஓரிடம் வெடிப்பதே. அதை அடைக்காவிட்டால் மறுபடி வெடிக்கலாம், உயிருக்கே ஆபத்து. ஆஞ்சியோ படம் எடுத்துக் குமிழைக் கண்டுபிடித்து, கிளிப் போட்டோ உள்ளே மெல்லிய கம்பிச்சுருள் வைத்தோ அடைப்பார்கள். எல்லோரும் “விபத்து” என்றே சொல்லிவிட்டால் குமிழைத் தேடாமலே விட்டுவிட நேரலாம். ஈரோட்டுக்கோ சேலத்துக்கோ மாற்றி அனுப்பும்போது, அங்கே உள்ள டாக்டர் முதலில் பார்ப்பது இந்தச் சீட்டைத்தானே?

டாக்டரிடம் இவற்றைச் சொல்லுங்கள்

1. விழுவதற்கு முன்பே இடி விழுந்தாற்போலத் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு வந்ததா?

2. வயதான பெரியவரானால், சில வாரங்களுக்கு முன் திண்ணையிலிருந்தோ குளிக்கும் இடத்திலோ விழுந்தாரா? மெள்ள மெள்ள இரத்தம் தேங்கி, பிறகுதான் பேச்சுத் தடுமாற்றமும் கை கால் பலவீனமும் தெரியும். “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாதீர்கள். ஆபரேஷன் செய்து பலர் தேறுகிறார்கள்.

3. இரத்தக் கொதிப்பு, பீடி, புகையிலைப் பழக்கம் உண்டா? இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? பெண்ணானால், கர்ப்பமா, சமீபத்தில் பிரசவமா?

4. யாராவது அடித்ததால் வந்த காயமா? கணவன் கை ஓங்கியதால் பட்ட அடியைச் சில வீடுகளில் “படியிலே விழுந்தேன்” என்று மறைக்கிறார்கள். குடும்ப மானம் என்று உயிரைப் பணயம் வைக்கலாமா? சகோதரிகளே, டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகுமே என்ற பயமா?

முதலில் உயிரைக் காப்பாற்று, சட்ட நடவடிக்கை பிறகு என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருவதற்காக, 2021 டிசம்பர் 18-ல் தமிழக அரசு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கியது. சாலையிலே பட்ட அடியை “வீட்டிலே விழுந்தார்” என்று எழுதவைத்தால் அந்த உதவியை நீங்களே தள்ளிவிடுகிறீர்கள். வீட்டிலே விழுந்ததைச் சாலை விபத்து என்று சொல்வதும் தவறு.

நினைவில் வையுங்கள்

திடீர்த் தலைவலியோடு மயக்கம் வந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். நினைவில்லாதவர் வாயிலே தண்ணீர், சோடா எதுவும் ஊற்ற வேண்டாம்.

வீட்டுக்குக் கிளம்புமுன் சீட்டைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நடந்ததற்கும் எழுதியதற்கும் பொருந்தவில்லையா? “ஏனுங்க டாக்டர், இது சரிதானுங்களா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஸ்கேன் படத்தையும் சீட்டையும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

எண் எழுதுவது ஆஸ்பத்திரியின் வேலை. நடந்ததை நடந்தபடி சொல்வது உங்கள் வேலை.