கடலே இல்லாத ஊரில் ஒரு நீர்மூழ்கி

சிட்னியிலிருந்து மெல்போர்ன் போற வழியில, ஹோல்புரூக்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. சுத்தி ஆடு மாடு மேயுற நிலம்தான். கடலுக்குப் போகணும்னா மணிக்கணக்கா வண்டி ஓட்டணும். ஆனா ஊர்ப் பூங்காவுல, புல்தரை மேல, 90 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிக்குது. பேரு ஆட்வே. ஆஸ்திரேலியக் கடற்படையில இருந்து 1994-ல ஓய்வு பெற்ற கப்பல்.

கடற்படைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? ஊரோட பேருதான்.

அதுக்கு முன்னாடி இந்த ஊர் பேரு ஜெர்மன்டன். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மனி எதிரி நாடாயிடுச்சு. அந்தப் பேரோட இருக்கவே ஊர்க்காரங்களுக்குச் சங்கடம். அந்த நேரத்துல செய்தியில அடிபட்ட பேரு நார்மன் ஹோல்புரூக். 1914 டிசம்பர்ல, பி-11ங்கிற பழைய பிரிட்டிஷ் நீர்மூழ்கியை, டார்டனெல்ஸ் நீரிணையில அஞ்சு வரிசைக் கண்ணிவெடிகளுக்கு அடியில ஓட்டிட்டுப் போய், மெசூதியேங்கிற துருக்கிப் போர்க்கப்பலை மூழ்கடிச்சவர். அதுக்காக விக்டோரியா கிராஸ் கிடைச்சுது. நீர்மூழ்கிக்காரர் ஒருத்தர் அதை வாங்கினது அதுதான் முதல் தடவை. 1915-ல ஊர் அவரோட பேரை எடுத்துக்கிச்சு. பின்னாடி அவரே சில தடவை இங்க வந்து பார்த்துட்டுப் போயிருக்கார்.

ஆட்வே ஓய்வு பெற்றப்போ, அதோட மேல் கோபுரத்தைக் கடற்படை ஊருக்குப் பரிசாகக் கொடுத்துச்சு. 'கோபுரம் மட்டும் எதுக்கு, முழுக் கப்பலும் வேணும்'னு ஊர் நிதி திரட்டுச்சு, பணம் பத்தல. அப்போ, காலமாகிட்ட ஹோல்புரூக்கோட மனைவி குண்டுலா ஒரு லட்சம் டாலர் கொடுத்தாங்க. அதுக்கும் முழுக் கப்பல் வரல. தண்ணிக்கு மேல தெரியுற வெளிக்கூடு மட்டும் வந்துச்சு. 1997 ஜூன்ல திறந்தாங்க. அதனால இன்னைக்கு நாம பார்க்கிற ஆட்வே, கடல் மட்டத்துல மிதக்கும்போது எப்படித் தெரியுமோ அப்படி. கடலுக்குப் பதிலா புல்.

இதுல இன்னொரு விஷயம். குண்டுலா ஆஸ்திரியாவுல பிறந்தவங்க. போர்ல ஜெர்மனியோட கூட்டாளியா நின்ன, ஜெர்மன் பேசுற நாடு அது. எந்த வெறுப்புல ஊர் தன் பேரையே மாத்திக்கிச்சோ, அது தணிஞ்சு ரொம்ப நாளாச்சுன்னு காட்ட இதைவிட வேற என்ன வேணும்? நினைவுச்சின்னம்னா வெற்றியைச் சொல்றது மட்டும் இல்ல. அந்தப் பக்கம் நின்னு பார்த்தா, மெசூதியேவோட செத்துப்போன துருக்கி மாலுமிகளும் இந்தக் கதையில இருக்காங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.