கணிப்பொறியின் ரஃப் நோட்டு நிரம்பினால்?

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி பெய்த மழையைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு மெத்தையையும் பீரோவையும் புதிதாக வாங்கிக் கொள்ளலாம். நனைந்து போன போட்டோ ஆல்பத்தை எந்தக் கடையில் வாங்குவது?

அப்படி நனைந்து, காய்ந்து, கறை படிந்த படம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் வாசலில் உங்கள் கொள்ளுத் தாத்தாவும் கொள்ளுப் பாட்டியும் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. நெகடிவ் கிடையாது. வேறு பிரதியும் கிடையாது. நீங்கள் அதை ஸ்கேன் செய்து, கணிப்பொறியில் ஏற்றி, கறைகளை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்குகிறீர்கள். ஒரு மணி நேரம் உழைத்துப் பாட்டியின் முகத்தை மீட்டாயிற்று. அந்தச் சமயம் பார்த்துத் திரையில் ஒரு செய்தி தோன்றுகிறது: ‘ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது, வேலையை முடிக்க முடியவில்லை!’

உங்களுக்கு வியப்பாக இருக்கிறது. படத்தின் கோப்பு 10 மெகாபைட்தான். ஹார்ட் டிஸ்கிலோ 4 கிகாபைட் இடம் காலியாக இருக்கிறது. அதாவது, இதைப் போல 400 படங்களுக்கு இடமிருக்கிறது. பிறகு எப்படி இடம் போதாமல் போகும்?

மேஜையும் ரஃப் நோட்டும்

கணக்குப் பரீட்சையில் விடையை நல்ல தாளில் எழுதுகிறீர்கள். இடைக் கணக்குகளை எங்கே போடுகிறீர்கள்? தாளின் ஓரத்திலோ ரஃப் நோட்டிலோதான். விடை ஒரே வரியாக இருக்கலாம். அதற்கு ரஃப் நோட்டில் ஒரு பக்கமே செலவாகியிருக்கும்.

படத்தைத் திருத்தும் மென்பொருளும் இப்படித்தான் வேலை செய்கிறது. கணிப்பொறியின் ரேம் நினைவகம் அதன் மேஜை. வேகமாக எடுத்து வைக்கலாம். ஆனால் மேஜை சிறியது. மேஜையில் இடம் போதாதபோது, உடனடியாகத் தேவைப்படாதவற்றை மென்பொருள் ஹார்ட் டிஸ்கின் ஒரு பகுதியில் எழுதி வைக்கிறது. வேண்டும்போது திரும்ப எடுத்துக் கொள்கிறது. அந்தப் பகுதிதான் ‘ஸ்கிராட்ச் டிஸ்க்’. ஆம், அது கணிப்பொறியின் ரஃப் நோட்டு!

இந்த யோசனை புதியதல்ல. 1962இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் அட்லஸ் என்ற கணிப்பொறியை இயக்கினார்கள். அதன் விரைவான நினைவகம் சிறியது. சுழலும் காந்த உருளையோ பெரியது, ஆனால் மெதுவானது. இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகம் போலத் தோன்றும்படி அவர்கள் செய்தார்கள். அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தது. சிறிய நினைவகத்தில் பெரிய படங்களைக் கையாள அதுவும் இதே தந்திரத்தைத் தானே செய்து கொண்டது. போட்டோஷாப் திறக்கும்போது தோன்றும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற இந்தியப் பொறியாளரின் பெயரைப் பல ஆண்டுகளாக உலகமே பார்த்து வந்திருக்கிறது.

10 மெகாபைட் வீங்குவது எப்படி?

இனிக் கணக்குப் போடுவோம். உங்கள் படம் 6 அங்குல நீளம், 4 அங்குல அகலம். அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தீர்கள். அப்படியானால் நீளவாட்டில் 7200 புள்ளிகள், அகலவாட்டில் 4800 புள்ளிகள். பெருக்கினால் 3 கோடியே 45 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள்! வண்ண ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட் தேவை. ஆக, சுமார் 104 மெகாபைட்.

கோப்பு 10 மெகாபைட்தானே என்று கேட்கிறீர்களா? ஜேபெக் கோப்பு என்பது மடித்துக் கட்டிய படுக்கை போன்றது. படுக்க வேண்டுமானால் விரிக்கத்தானே வேண்டும்? படத்தைத் திறந்தவுடன் அது முழு அளவுக்கு விரிந்துவிடுகிறது.

அடுத்தது, ‘செய்ததை மாற்று’ என்னும் வசதி. நீங்கள் தவறு செய்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப வேண்டுமல்லவா? அதற்காக முந்தைய நிலைகளை மென்பொருள் ரஃப் நோட்டில் குறித்து வைக்கிறது. சிறு கறையை நீக்கினால் மாறிய பகுதியை மட்டும் குறித்தால் போதும். ஆனால் படம் முழுவதன் வெளிச்சத்தையும் மாற்றினால் படம் முழுவதையும் குறிக்க வேண்டும். போட்டோஷாப்பின் அண்மைப் பதிப்புகள், அமைப்பை நாம் மாற்றாவிட்டால், 50 படிகள் வரை நினைவில் வைத்துக் கொள்ளும். 50 முறையும் முழுப் படத்தை மாற்றினால் 5 கிகாபைட்டுக்கு மேல் ஆகிவிடும். உங்களிடம் இருந்ததோ 4 கிகாபைட்! அடுக்கு மேல் அடுக்காக லேயர்களைச் சேர்த்தாலும், பக்கத்தில் வேறு படங்களைத் திறந்து வைத்தாலும் இந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

அங்குலம் செய்யும் குறும்பு

சில வேளைகளில் காரணம் வேறாக இருக்கும். படத்தை 900க்கு 600 புள்ளிகளாகச் சிறிதாக்க நினைக்கிறீர்கள். அளவைக் குறிக்கும் கட்டத்தில் ‘புள்ளி’ என்பதற்குப் பதிலாக ‘அங்குலம்’ என்று இருந்துவிட்டது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் படம் 2,70,000க்கு 1,80,000 புள்ளிகள் ஆகிவிடும். அதற்கு வேண்டிய இடம் சுமார் 146 கிகாபைட்! எந்த ஹார்ட் டிஸ்கும் திணறத்தான் செய்யும். பௌதிக வகுப்பில் அலகைக் குறிப்பிடச் சொல்லி ஆசிரியர் வற்புறுத்துவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

என்ன செய்ய வேண்டும்?

பதறி எதையும் அழித்துவிடாதீர்கள். வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில், செய்த வேலையை வேறு பெயரில் சேமியுங்கள். அதே ஹார்ட் டிஸ்கில் இடமில்லையென்றால் பென் டிரைவில் சேமிக்கலாம்.

இரண்டாவதாக, திறந்திருக்கும் மற்ற படங்களையும் தேவையற்ற நிரல்களையும் மூடுங்கள். அலகு சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவதாக, பழைய படிகளின் நினைவை நீக்குங்கள். போட்டோஷாப்பில் ‘எடிட்’ பட்டியலில் ‘பர்ஜ்’ என்ற கட்டளை உண்டு. இலவச மென்பொருளான கிம்ப்பில் ‘அண்டூ ஹிஸ்டரி’ப் பகுதியில் இதைச் செய்யலாம். இதற்குப் பிறகு பின்னோக்கிப் போக முடியாது என்பதை மறக்க வேண்டாம். அதனால்தான் முதலில் சேமிக்கச் சொன்னோம்.

நான்காவதாக, ரஃப் நோட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அது ‘சி’ டிரைவில் இருக்கும். விண்டோஸும் அங்கேதான் குடியிருக்கிறது. இரண்டுக்கும் இடப் போட்டி! ‘பிரிபரன்ஸஸ்’ பகுதியில் போட்டோஷாப்பானால் ‘ஸ்கிராட்ச் டிஸ்க்ஸ்’ என்ற இடத்திலும், கிம்ப்பானால் ‘ஃபோல்டர்ஸ்’ என்ற இடத்திலும் அதிகக் காலியிடம் உள்ள வேறு டிரைவைக் காட்டுங்கள். பென் டிரைவ் இதற்கு ஏற்றதல்ல. அது மிக மெதுவானது. போட்டோஷாப் திறக்கவே மறுத்தால், விண்டோஸ் கணிப்பொறியில் ‘கண்ட்ரோல்’, ‘ஆல்ட்’ விசைகளைச் சேர்த்து அழுத்தியபடி அதைத் தொடங்குங்கள். ரஃப் நோட்டு எங்கே வேண்டும் என்று அதுவே கேட்கும்.

ஐந்தாவதாக, குப்பையைக் கூட்டுங்கள். மென்பொருளை மூடும்போது தன் தற்காலிகக் கோப்புகளை அது தானே அழித்துவிடும். நடுவில் மின்சாரம் போய்விட்டாலோ அவை அப்படியே தங்கிவிடும். மென்பொருள் மூடியிருக்கும்போது ‘போட்டோஷாப் டெம்ப்’ என்று தொடங்கும் கோப்புகளை நீக்கலாம். ‘ரீசைக்கிள் பின்’னையும் காலி செய்யுங்கள், அதில் போட்டவை இன்னும் டிஸ்கில்தான் இருக்கின்றன!

செவ்வாயிலும் இதே தொல்லை

இந்தத் தொல்லை நமக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தி, மூன்றே வாரத்துக்குள் பேச்சை நிறுத்திக் கொண்டது. அதன் கணிப்பொறி அறுபதுக்கும் மேற்பட்ட முறை தானாக அணைந்து அணைந்து மீண்டும் தொடங்கியது. காரணம் என்ன தெரியுமா? அதன் ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தன; அவற்றின் பட்டியலை வைத்துக் கொள்ளவே ரேமில் இடம் போதவில்லை. பயணத்தின்போது சேர்ந்த பழைய கோப்புகளும் அதில் இருந்தன. பூமியிலிருந்த பொறியாளர்கள், ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமல் தொடங்கும்படி ஆணையிட்டு, பிறகு வேண்டாத கோப்புகளை அழித்தார்கள். பிப்ரவரியில் ஸ்பிரிட் மீண்டும் வேலைக்குத் திரும்பியது. 2010 வரை நம்முடன் பேசியது. பதறாமல் வரிசையாகச் செய்ததன் பலன்!

வருமுன் காப்போம்

அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் எப்போதும் தேவையா? 600 போதுமென்றால், புள்ளிகள் பாதியாவதில்லை. நீளமும் அகலமும் பாதியாவதால் நான்கில் ஒரு பங்காகின்றன. 104 மெகாபைட் 26 ஆகிவிடும். கறையின் நிறத்தைப் பிரித்தறிய வண்ண ஸ்கேன் உதவும். கறையை நீக்கிய பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றினால் புள்ளிக்கு ஒரே பைட்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. முதலில் ஸ்கேன் செய்த கோப்பைத் தொடாதீர்கள். பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் வேலை செய்யுங்கள். மூலக் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள்; ஒன்று உங்கள் வீட்டிலும், மற்றொன்று வேறு ஊரிலுள்ள மாமா வீட்டிலும் இருந்தால் நல்லது. இடம் போதவில்லையென்று அவசரத்தில் அந்த மூலக் கோப்பையே அழித்துவிட்டால், வெள்ளம் விட்டுவைத்த பாட்டியின் முகத்தை நாமே அழித்ததாகிவிடும் அல்லவா?

கடைசியாக ஒரு கணக்கு: 5 அங்குலத்துக்கு 3 அங்குலமுள்ள படத்தை, அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்கிறீர்கள். முழுப் படத்தையும் 20 முறை மாற்றினால் ரஃப் நோட்டில் எவ்வளவு இடம் வேண்டும்? போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு ஸ்கேனரைத் திறங்கள்!