கழுவினால் மட்டும் போதாது: பல் மருத்துவக் கருவிகளில் கிருமி அழிப்பது எப்படி?

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கும்போது, உள்ளே வரும் கருவி எங்கிருந்து வந்தது என்று பலரும் யோசிப்பதில்லை. பளபளப்பாக இருந்தால் சுத்தமாக இருக்கிறது என்று எண்ணிவிடுகின்றனர்.

சிங்கப்பூர் தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் 2017 ஜூன் மாதம் நடந்த சம்பவம் அந்த எண்ணத்தை மாற்றியது. நீராவியால் கிருமியழிக்கும் இறுதிக் கட்டம் முழுமையடையாத சில கருவிப் பொட்டலங்கள் சிகிச்சை அறைகளுக்குச் சென்றுவிட்டன. அவை அதற்கு முன்பே கழுவப்பட்டு வெப்பத்தால் தூய்மைப்படுத்தப்பட்டவை என்பதால் தொற்று அபாயம் மிகக் குறைவு என்று நிலையம் விளக்கியது. இருப்பினும், ‘கழுவியாகிவிட்டதே, பிறகென்ன?’ என்ற கேள்வி எழுந்தது.

கழுவுவது முதற்படி மட்டுமே. ஆனால் அதைத் தவிர்க்கவும் முடியாது. கருவியின் இடுக்கில் இரத்தமோ எச்சிலோ காய்ந்து ஒட்டியிருந்தால், அதனடியில் உள்ள கிருமிகளை நீராவி நெருங்காது. ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. எனவே, பயன்படுத்திய கருவியைக் காயவிடாமல் கழுவி, உலர்த்தி, நல்ல வெளிச்சத்தில் சோதித்த பின்னரே பொட்டலமிடுவர்.

அடுத்தது ‘ஆட்டோகிளேவ்’ எனும் நீராவிக் கலன். சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. பிரஷர் குக்கரைப்போல அழுத்தம் கூடும்போது நீராவியின் வெப்பம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்த வெப்பத்தை வித்துகள் தாங்குவதில்லை. பொதுவாக, கலன் 134 டிகிரியை எட்டிய பின் குறைந்தது 3 நிமிடம் அல்லது 121 டிகிரியை எட்டிய பின் குறைந்தது 15 நிமிடம் அதே வெப்பத்தில் இருக்கவேண்டும். கருவிகளை நெருக்கி அடுக்கினால் இடையே காற்று தங்கி நீராவியைத் தடுத்துவிடும். நனைந்த பொட்டலத்தையும் பயன்படுத்தக்கூடாது. ஈரத்தாள் வழியாகக் கிருமிகள் மீண்டும் உள்ளே நுழையலாம்.

கலன் சரியாக வேலை செய்ததா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. அதற்காகவே பொட்டலத்தின்மேல் நிறம் மாறும் குறியீடு உண்டு. எனினும், பொட்டலம் கலனுக்குள் சென்றுவந்ததை மட்டுமே அது காட்டும். கிருமிகள் உண்மையில் அழிந்தனவா என்பதை அறிய, வெப்பத்தை எளிதில் தாங்கும் வித்துகளைக் கலனுக்குள் வைத்து, அவை பிழைத்தனவா என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிப்பர்.

நோயாளிகளும் கவனிக்கலாம். பொட்டலம் தங்கள் முன்னிலையில் பிரிக்கப்படுகிறதா, அது கிழியாமலும் ஈரமின்றியும் இருக்கிறதா, குறியீட்டின் நிறம் மாறியுள்ளதா என்று பார்க்கலாம். ஐயம் இருந்தால் தயங்காமல் கேட்கலாம். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. ஒரு பொட்டலம் தவறி வந்திருந்தால், அது வாய்க்குள் போகுமுன் தடுக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பும் அதுதான்.