உரிமம் வேண்டுமா, சங்கத்தில் சேர்!

சில தொழில்களைச் செய்ய அரசின் உரிமம் வேண்டும். அந்த உரிமமும் குறிப்பிட்ட சங்கத்தின் உறுப்பினருக்குத்தான் என்றால், சந்தா கட்ட மறுப்பவர் பிழைப்பையே இழக்க நேரிடும். இப்படிக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வியை ஐரோப்பாவின் மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் ஐஸ்லாந்தின் ஒரு டாக்ஸி ஓட்டுநர்.

ரெய்க்யாவிக் வட்டாரத்து டாக்ஸி ஓட்டுநர்களின் சங்கத்துக்குப் பெயர் ஃப்ராமி. அதில் சேர்வதாகக் கையெழுத்திட்டு 1984இல் உரிமம் பெற்ற அந்த ஓட்டுநர், மறு ஆண்டே சந்தாவை நிறுத்திவிட்டார். காரணம் பணம் மட்டுமல்ல. டாக்ஸிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை; தொழில் செய்ய விரும்புவோருக்கு வழி விட வேண்டும் என்பது அவர் கட்சி. தனக்கு உடன்பாடில்லாத கொள்கைக்குத் தன் காசையே கொடுக்க வேண்டியிருந்தது. 1986இல் அவருடைய உரிமம் ரத்தானது. போலீசார் வழியில் வண்டியை மறித்து, அது வாடகை வண்டி என்று காட்டும் பலகைகளைக் கழற்றிக்கொண்டார்கள்.

1988இல் ஐஸ்லாந்து உச்ச நீதிமன்றத்தில் அவர் வென்றார். ஆனால் தீர்ப்பின் அடிப்படை குறுகலானது: கட்டாய உறுப்பினர் நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை, அது விதிமுறையில்தான் இருக்கிறது என்றது நீதிமன்றம். நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 1989இல் அந்த நிபந்தனையைச் சட்டத்திலேயே எழுதியது. வழக்கில் வென்றவர் மறுபடியும் ஃப்ராமி உறுப்பினரானார்.

அவர் நாடிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐஸ்லாந்து அரசு, டாக்ஸி சேவையை ஒழுங்குபடுத்தும் பொதுப்பணியில் சங்கத்துக்கும் பங்குண்டு என்று வாதிட்டது. 1993 ஜூன் 30 அன்று 8 நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஃப்ராமி முதன்மையாக உறுப்பினர் நலனுக்கான தனியார் அமைப்பு. எல்லோரையும் உள்ளே இழுக்காமலே அந்தப் பணிகள் நடக்கும். சங்கம் சேரும் உரிமைக்குள் சேராதிருக்கும் உரிமையும் ஓரளவு அடங்கும் என்பது தீர்ப்பின் சாரம். 1995இல் ஐஸ்லாந்து அரசியலமைப்பிலேயே சேராதிருக்கும் உரிமை இடம்பெற்றது, பொதுநலனுக்கோ பிறர் உரிமைக்கோ தேவையென்றால் சட்டம் விலக்குச் செய்யலாம் என்ற வாசலோடு.

எல்லாக் கட்டாயமும் இதில் அடிபட்டுப் போவதில்லை. பெல்ஜியத்தில் மருத்துவராகத் தொழில் செய்ய மருத்துவர் மன்றத்தில் பதிந்தாக வேண்டும். அது சட்டம் உருவாக்கிய பொது அமைப்பு, சங்கமே அல்ல என்று அதே நீதிமன்றம் 1981இல் சொல்லியிருந்தது. மருத்துவர்கள் தங்களுக்கென வேறு சங்கம் வைத்துக்கொள்ளவும் தடையில்லை.

ஜெர்மனியின் தொழில் வணிகச் சபைகளும் இந்த ரகம்தான். போருக்குப் பின் அமெரிக்கர்கள் தங்கள் பகுதியில் நீக்கிய கட்டாய உறுப்பினர் முறையை 1956ஆம் ஆண்டுச் சட்டம் மேற்கு ஜெர்மனி முழுவதற்கும் மீட்டது. அங்கே விண்ணப்பம் என்று ஒன்று இல்லை. தொழில் தொடங்கினாலே உறுப்பினர். 2017இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. ஆனால் அதற்கு விலையுண்டு. விருப்பமில்லாதவர் பணமும் இருப்பதால், சபை நினைத்ததையெல்லாம் பேச முடியாது. சபைகளின் தேசியக் கூட்டமைப்பு தன் வரம்பை மீறிக் கருத்துச் சொன்னதற்காக, உறுப்பு நிறுவனம் ஒன்றின் வழக்கில், வட வெஸ்ட்ஃபாலியா சபை அதிலிருந்து விலக வேண்டும் என்று 2020இல் உத்தரவானது.

உறுப்பினராக்காமல் பணத்தை மட்டும் வாங்கினால்? அதற்கும் ஐஸ்லாந்திலிருந்தே வழக்கு வந்தது. தொழில் நிறுவனங்களின் விற்றுமுதலில் 0.08 சதவீதத்தை வரிபோல வசூலித்து, அரசு ஒரு தனியார் தொழில் கூட்டமைப்புக்குக் கொடுத்துவந்தது. அதில் உறுப்பினரல்லாத கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் எதிர்த்தார். பணத்தைக் கூட்டமைப்பு எப்படிச் செலவிடுகிறது என்பதில் போதிய வெளிப்படைத்தன்மையும் பொறுப்புக் கூறலும் இல்லை என்று சொல்லி, 2010இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.