38 மணி நேரத்தில் ஒரு வருடம் முடியும் உலகம்!

1769-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. விடியற்காலை நேரம். புதுச்சேரியில் இடிந்து கிடந்த கோட்டைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் டெலஸ்கோப்பும் கையுமாக, கிழக்கே பார்த்தபடி நின்றார். அவர் பெயர் லெ ஜாந்தி. வானசாஸ்திர நிபுணர்.

அன்று சூரியன் உதிக்கும்போது, சுக்கிரன் என்கிற வெள்ளி கிரகம் சூரியனின் முகத்தில் ஒரு கருப்புப் பொட்டுப் போல நகர்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டால், பூமியில் இருந்து சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம். அதற்காகத்தான் அவர் 1760-ல் பிரான்சை விட்டுப் புறப்பட்டார்.

1761-ல் இதே காட்சி ஒரு முறை வந்தது. ஆனால் அவர் வந்து சேருவதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டனர். கப்பல் திரும்பியது. நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் நின்றபடி பார்த்தார். ஆடுகிற கப்பலில் அளவு சரியாக வருமா? வரவில்லை. அடுத்தது 8 ஆண்டு கழித்து. அதையும் பார்த்துவிட்டே ஊர் திரும்புவது என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார்!

காத்திருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. நம் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765-ல் வந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தமிழர் முறையில் போட்ட கணக்கு 41 வினாடிதான் தவறியது. ஐரோப்பிய அட்டவணையோ 68 வினாடி தவறியது. இதை எழுதிவைத்தவர் அவரேதான்.

சரி, அந்த ஜூன் 4-ந் தேதி என்ன ஆயிற்று? அதற்கு முந்திய காலை நேரங்களில் வானம் தெளிவாக இருந்தது. அன்று மட்டும் மேகம் மூடிக்கொண்டது. கருப்புப் பொட்டு சூரியனைக் கடந்து போன பிறகே மேகம் விலகியது. அப்புறம் நல்ல வெயில்!

1771-ல் ஊருக்குப் போனால், அவர் செத்துவிட்டார் என்று எண்ணி உறவினர்கள் சொத்தைப் பங்கு போடக் கிளம்பியிருந்தனர். இப்படி ஒரு துரதிர்ஷ்டசாலியை விஞ்ஞான சரித்திரத்தில் தேடித்தான் பார்க்கவேண்டும்.

அதே கருப்புப் பொட்டு

லெ ஜாந்தி தேடிய அந்தக் கருப்புப் பொட்டுதான் இன்று வேறு சூரியன்களைச் சுற்றும் கிரகங்களைக் காட்டிக்கொடுக்கிறது. தூரத்துத் தெருவிளக்கின் முன்னால் ஒரு விட்டில் பூச்சி பறந்தால், பூச்சி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெளிச்சம் துளி குறையும். நட்சத்திரத்தின் வெளிச்சம் அப்படிக் குறைந்து, மறுபடி அதே கால இடைவெளியில் திரும்பத் திரும்பக் குறைந்தால், அதைச் சுற்றி ஒரு கிரகம் ஓடுகிறது என்று அர்த்தம்.

2009-ல் அமெரிக்காவின் அரிசோனா மலையில் இருந்த சிறிய டெலஸ்கோப்புகள் இப்படி ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்தன. ஜி.ஜே. 1214 பி என்று அதற்கு வீட்டு நம்பர் போல ஒரு பெயர் வைத்தார்கள். 2023-ல் கென்யா நாட்டவர் சொன்ன 'எனைபோஷா' என்ற பெயர் கிடைத்தது. மசாய் மக்களின் மொழியில் ஏரி, கடல் போன்ற பெரிய நீர்ப்பரப்பு என்று பொருள்.

அது இருக்கும் தூரம் 48 ஒளி ஆண்டு. அதாவது அதன் சூரியனில் இருந்து இன்று புறப்படும் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர 48 ஆண்டு ஆகும். விருச்சிகத் தேளுக்கு வடக்கே, பாம்பைப் பிடித்த மனிதன் என்று மேனாட்டார் சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. இதே கூட்டத்தில் உள்ள வேறொரு நட்சத்திரத்துக்குக் கிரகம் இருப்பதாக, சென்னை வான ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த காப்டன் ஜேக்கப் 1855-லேயே சொன்னார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் சென்னையில் இருந்துகொண்டு அப்படி யோசித்தாரே!

சூரியனுக்குப் பக்கத்து வீடு

எனைபோஷாவின் குறுக்களவு பூமியைப் போல் 2.7 மடங்கு. எடை 8 மடங்குக்குச் சற்று அதிகம். நம்முடைய நெப்டியூன் கிரகத்தைவிடச் சிறியது. அதனால் 'குட்டி நெப்டியூன்' என்கிறார்கள். நம் சூரியக் குடும்பத்தில் இந்த ரகம் ஒன்றுகூட இல்லை. வெளியே பார்த்தால், ஏராளமாக இருக்கிறது!

அது தன் சூரியனில் இருந்து சுமார் 22 லட்சம் கிலோ மீட்டர் தூரத்தில் சுற்றுகிறது. பூமிக்கும் நம் சூரியனுக்கும் இடையே 15 கோடி கிலோ மீட்டர்! ஆகவே அங்கே ஒரு வருடம் என்பது நம் கணக்கில் 38 மணி நேரம். இன்று காலை 6 மணிக்கு வருடம் பிறந்தால், நாளை இரவு 8 மணிக்கு முடிந்துவிடும். தீபாவளிச் செலவை நினைத்துப் பாருங்கள்.

சந்திரன் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, அதுவும் தன் சூரியனுக்கு ஒரே பக்கத்தைக் காட்டுகிறது. ஒரு பக்கம் எப்போதும் பகல். மறு பக்கம் எப்போதும் இரவு. பகல் பக்கத்து உஷ்ணம் சுமார் 280 டிகிரி. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். இரவுப் பக்கமாவது குளுகுளு என்று இருக்குமா? அங்கேயும் 165 டிகிரி!

அங்கே 50 கிலோ ஆள் போனால் 56 கிலோ எடை காட்டுவார். ஆனால் நிற்கத் தரை வேண்டுமே! மேலே இருப்பதெல்லாம் கனத்த வாயு.

மறுபடியும் மேகம்

அந்த வாயு எது? இதைக் கண்டுபிடிக்கப் போன விஞ்ஞானிகளுக்கு லெ ஜாந்திக்கு நேர்ந்ததே நேர்ந்தது. ஹப்பிள் டெலஸ்கோப் 96 மணி நேரம் பார்த்தது. 2014-ல் முடிவு வந்தது. உயரத்தில் புகை மாதிரி கனத்த மேகம். அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை!

ஒரு வித்தியாசம். லெ ஜாந்தி தவறவிட்ட காட்சி அடுத்து வந்தது 105 ஆண்டு கழித்து, 1874-ல். எனைபோஷாவோ 38 மணிக்கு ஒரு தடவை குறுக்கே வரும். விட்டால் நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் ஏறக்குறைய 40 மணி நேரம் கண் கொட்டாமல், கிரகத்தில் இருந்து வரும் உஷ்ணத்தை அளந்தது. மேலே சொன்ன 280-ம் 165-ம் அதில் கிடைத்த அளவுகளே. விழுகிற வெளிச்சத்தில் பெரும் பங்கை அந்தப் புகை மண்டலம் திருப்பி அடிக்கிறது என்றும் 2023-ல் தெரிந்தது. இல்லாவிட்டால் உஷ்ணம் இன்னும் ஏறியிருக்கும்.

நம் நாட்டிலும் இந்த வேட்டை நடக்கிறது. அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தார் 2018-ல் அபு மலையில் உள்ள டெலஸ்கோப்பைக் கொண்டு, 600 ஒளி ஆண்டு தூரத்தில் ஒரு கிரகத்தை எடை போட்டு உறுதி செய்தனர். இது குட்டி அல்ல, நெப்டியூனுக்கு அண்ணன். பூமியைப் போல் 27 மடங்கு எடை. வருடம் பத்தொன்பதரை நாள். உஷ்ணம் 600 டிகிரி!

எனைபோஷாவின் புகைக்குள் கரியமில வாயு இருப்பதற்கு மெல்லிய அடையாளம் தெரிவதாக 2025-ல் ஆராய்ச்சிகள் வெளியாயின. இன்னும் உறுதியாகவில்லை. கரியமில வாயு நிறைந்து, மேகம் மூடி, வெந்துகொண்டிருக்கும் கிரகம் நம் பக்கத்திலேயே ஒன்று உண்டு. அது சுக்கிரன். அதனால் எனைபோஷாவுக்கு விஞ்ஞானிகள் இப்போது இன்னொரு பெயரும் சொல்கிறார்கள். 'பெரிய சுக்கிரன்'!